பொக்கே கிளம்பும் முன் ஒரு போன்: ஏன், எப்போது, என்ன பேசுவது

"சர்ப்ரைஸ்னு சொல்லித்தானே ஆர்டர் கொடுத்தேன். எதுக்கு அவங்களுக்கே போன் பண்ணீங்க?"

சென்னையில் பொக்கே கடை நடத்துகிற எல்லோரும் இந்தக் கோபத்தைக் கேட்டிருப்பார்கள். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போன் போடாமல் போன பொக்கே பூட்டிய கதவின் முன் நின்றால் அடுத்து வருகிற கோபம் இன்னும் பெரிதாக இருக்கும். பிறந்தநாள் அன்றோடு முடிந்துவிடும். மறுநாள் அதே பூவைக் கொண்டுபோய்க் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

புடவையை கூரியர்காரர் நாளைக்கும் கொண்டுவரலாம். பூ காத்திருக்காது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் ஜெர்பராவும், நீலகிரி கார்னேஷனும் கடைக்கு வந்து, காம்பு சாய்வாக வெட்டப்பட்டு, தண்ணீர் வாளியில் நின்று, குளிர்பெட்டியில் 4, 5 டிகிரியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. (தாய்லாந்து ஆர்க்கிட்டை அந்தக் குளிரில் வைக்கக் கூடாது, இதழ் கெட்டுப்போகும். அதற்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும்.) வெளியே எடுத்துக் காகிதம் சுற்றி பைக்கில் ஏற்றிய பிறகுதான் சோதனை. காம்பு நுனியில் ஈரப் பஞ்சு வைத்துக் கட்டிய ரோஜா, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் சமாளிக்கும். ஜெர்பரா அதற்கு முன்பே தலையைத் தொங்கப் போடும். காரில் வைத்துவிட்டு வீட்டைத் தேடலாம் என்றால், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். முகவரி தேடி அலைவது, கேட்டில் காத்திருப்பது, திரும்பி வருவது எல்லாமே பூவின் ஆயுளிலிருந்துதான் கழிகிறது. போன் போடுவதற்கு முதல் காரணம் இது. வேறு காரணங்களும் இருக்கின்றன. அவற்றில் சில பூவைப் பற்றியவையே அல்ல.

முதல் போன், வாளியில் கை வைக்கும் முன்

பல கடைகளில் போன் போடத்தான் செய்கிறார்கள், ஆனால் நேரம் கடந்து போடுகிறார்கள். டெலிவரி பையன் அபார்ட்மெண்ட் கேட்டில் நின்றுகொண்டு, "மேடம், கீழே நிக்கிறேன்" என்பான். அந்தப் பக்கம், "நாங்க திருச்சி வந்துட்டோமேப்பா" என்று பதில் வரும். அப்போது தெரிந்து பயனில்லை. பொக்கே ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

கட்டிய பொக்கேயைப் பிரித்தால் காகிதமும் ரிப்பனும் குப்பைக்குப் போகும். காம்பை மறுபடி வெட்ட வேண்டியிருப்பதால் நீளம் குறையும், அடுத்த பெரிய பொக்கேக்கு அது உதவாது. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சை ஃபோமில் செருகிய கூடை என்றால் நஷ்டம் இன்னும் அதிகம். ஃபோமில் விழுந்த துளை மூடிக்கொள்ளாது. பிடுங்கிய காம்பை அதே துளையில் வைத்தால் அடியில் காற்று நின்று தண்ணீர் ஏறாது. ஆகவே முதல் போன் பூ வாளியில் இருக்கும்போதே போக வேண்டும். ஆள் ஊரில் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டால் ரோஜாவும் கார்னேஷனும் இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் குளிரில் இருக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை.

மறுநாள் காலை டெலிவரி என்றால் முந்தின நாள் மாலை 4:30-லிருந்து 7 மணிக்குள் கூப்பிடுங்கள். அன்றே கேட்ட ஆர்டர் என்றால் பணம் வந்த உடனே. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்புகிற ஆர்டர் நமக்கு நடுராத்திரி வந்து விழும். அதற்குக் காலை 9:30-க்கு முன் போன் வேண்டாம். மதியம் 1-லிருந்து 4 வரை வயதானவர்கள் கண் அயர்கிற நேரம். அப்போது மணி அடித்தால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் நல்ல வார்த்தை வராது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரத்தையும் விட்டுவிடுவது நல்லது.

கூப்பிடுகிறவர் கடையில் உட்கார்ந்து ஆர்டர் எழுதுகிறவராக இருக்கட்டும், பைக் ஓட்டுகிறவர் வேண்டாம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஹாரன் சத்தத்தோடு வருகிற குரலை யாரும் நம்புவதில்லை, அவருக்கும் "புது நம்பர் 31" என்பது "21" என்று காதில் விழும். பைக்காரர் பேச வேண்டியது இரண்டாவது போனை மட்டும்: கிளம்பும்போது, "இன்னும் இருபது நிமிஷத்துல வந்துடுவேன், கேட்ல சொல்லி வைங்க." மைகேட் மாதிரி செயலி உள்ள குடியிருப்புகளில் இந்தப் போன் இல்லையென்றால், காவலாளி அனுமதி கேட்டு, அவர்கள் போனைப் பார்த்து, ஒப்புதல் வருவதற்குள் பொக்கே வெயிலில் பதினைந்து நிமிடம் நின்றிருக்கும்.

முகவரியில் எதைக் கேட்பது

ஆர்டரில் உள்ள முகவரி சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அனுப்புகிறவர் பத்து வருடத்துக்கு முன் போன வீட்டை நினைவிலிருந்து எழுதியிருக்கலாம்.

சென்னையில் முதல் சிக்கல் பழைய எண், புதிய எண். "14" என்று மட்டும் இருந்தால் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் அதற்குப் பொருந்தும், ஒன்றுக்குப் பழைய எண் 14, இன்னொன்றுக்குப் புதிய எண் 14. "பழைய நம்பரா, புது நம்பரா?" என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது தெருப்பெயர். பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் இல்லாத பகுதி ஏது? பேட்டை பெயரும் பின்கோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடையாறு என்று எழுதி 600042 என்று போட்டிருந்தால் அது வேளச்சேரியின் எண், ஏதோ ஒன்று தப்பு. மூன்றாவது, மெயின் ரோடு, குறுக்குத் தெரு, அவென்யூ. "மூணாவது தெரு" என்று பேச்சில் சொல்வது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அண்ணா நகரில் எழுத்துப் பெயர் கொண்ட பிளாக்குகள் இருப்பதால் போனில் பி, டி, இ எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். "டி ஃபார் டெல்லியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை.

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் வேண்டியது டவர் பெயர், மாடி, வீட்டு எண், டெலிவரி வண்டிகளை விடுகிற கேட் எது என்பது. பின் கேட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பினால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டிவரும். அனுப்புகிறவர் தருகிற லொகேஷன் பெரும்பாலும் குடியிருப்பின் நடுவில் எங்கோ நிற்கும், அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் முழுதாகக் கேளுங்கள். ஒரே பிளாக்கில் இரண்டு லட்சுமி இருந்தால், காவலாளி தனக்குத் தெரிந்த லட்சுமியிடம் அனுப்பிவிடுவார்.

அலுவலகம் என்றால் இன்னொரு கேள்வி: "இன்னைக்கு ஆபீஸ் வர்றீங்களா?" வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளாக இருக்கலாம், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற நாளாகவும் இருக்கலாம். ஐ.டி. வளாகங்களில் டெலிவரிக்காரரை மேலே விடமாட்டார்கள். பொக்கே யாருக்கோ அவர் கீழே வந்து வாங்கக்கூடிய நேரத்தைக் கேட்டுக் குறியுங்கள். சாப்பாட்டு நேரம் பெரும்பாலும் தோதாக இருக்கும்.

என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

தொடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம், சுமதி மேடம்தானே? நாங்க இன்ன பூக்கடைலேருந்து பேசறோம், அண்ணா நகர்ல இருக்கு. உங்க பேருக்கு ஒரு பொக்கே ஆர்டர் வந்திருக்கு. நாளைக்குக் காலைல 11-லேருந்து 1 மணிக்குள்ள வீட்ல இருப்பீங்களா?"

ஆச்சரியம் கெடக் கூடாதென்று சில கடைகளில் பூ என்ற பேச்சையே எடுக்காமல், "உங்களுக்கு ஒரு பார்சல்" என்கிறார்கள். அது வேண்டாம். "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, அதுல போதைப்பொருள் இருக்கு" என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்களைப் பற்றிக் கேள்விப்படாத வீடே இப்போது இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே போனை வைத்துவிடுவார்கள். பொக்கே என்று சொல்லிவிடுவதால் கெடுவது குறைவுதான். யார் அனுப்பியது, என்ன பூ, கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. கதவைத் திறக்கும்போது முகம் மலர்வது அந்த மூன்றுக்காகத்தான்.

முகவரியைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. எடுத்தவரிடம் முழு முகவரியையும் படித்துக் காட்டாதீர்கள். எண் தவறாக இருந்தால் யாரோ ஒருவருக்கு இன்னொருவர் வீட்டு முகவரியைக் கொடுத்ததாக ஆகும். "முகவரி சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டாலும் அவர் சந்தேகப்படுவார். பாதியை நீங்கள் சொல்லுங்கள், மீதியை அவர் சொல்லட்டும்: "வேளச்சேரி, காந்தி தெருன்னு இருக்கு. வீட்டு நம்பர் மட்டும் சொல்லுங்க மேடம்." அவர் சொல்வதும் சீட்டில் இருப்பதும் பொருந்தினால் சரி.

"யார் அனுப்பினது?" என்ற கேள்வி தவறாமல் வரும். "கார்டுல இருக்கு மேடம், கையில வாங்கும்போது நீங்களே பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். "தெரியாம எதையும் வாங்க மாட்டேன்" என்றால் அதையும் மதிக்க வேண்டும். தனியாக இருக்கிற பெண்கள் அப்படிச் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. "அவங்களைக் கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று சொல்லி, அனுப்பியவரின் சம்மதத்தோடு பெயரைச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த ஆர்டர் அத்தோடு நிற்கட்டும். பெயர் சொல்லத் தயங்குகிறவரின் பூவை, வேண்டாம் என்கிறவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது கடையின் வேலை அல்ல.

பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. "எவ்வளவுக்கு அனுப்பியிருக்காங்க?" என்று கேட்கிற மாமாக்கள் உண்டு, சிரித்துவிட்டு விடுங்கள்.

கதவைத் திறப்பது யார்

வெளியூர் இணையதளங்களில் வருகிற அறிவுரைகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. நம் ஊரில் போன் போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் குறைவு. 25 வயதுப் பெண்ணின் பெயருக்கு இருபது சிவப்பு ரோஜா போகிறது, கதவைத் திறப்பது அப்பா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடப்பதற்குக் கடை பொறுப்பேற்க முடியாது, ஆனால் ஒரு போன் அதைத் தவிர்த்திருக்கும். முதல் போனிலேயே, "வீட்டுக்குக் கொண்டாரலாமா, இல்ல வேற இடம் சௌகரியமா?" என்று ஒரு வரி கேட்டால், "வீட்டுக்கு வேணாம், ஆபீஸ் ரிசப்ஷன்ல கொடுங்க" என்று மெதுவான குரலில் பதில் வரும். பிப்ரவரி 14-க்கு முந்தின மாலை எல்லா ஆர்டருக்கும் இந்தக் கேள்வி கட்டாயம். பெண்கள் விடுதிகளில் வார்டன் வாங்கி வைக்க மறுப்பதும் உண்டு. பொக்கேயை வாங்க வேண்டிய பெண் எத்தனை மணிக்குக் கீழே வருவார் என்று கேட்டுக்கொண்டு போவதுதான் வழி.

இதனாலேயே போன் ஆர்டரில் உள்ள ஆளிடம்தான் பேச வேண்டும். வேறு யாராவது எடுத்தால், "அவங்க எப்ப இருப்பாங்க, அப்புறம் கூப்பிடறோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அனுப்பும் பிறந்தநாள், மணநாள் பொக்கேக்கு இந்தக் கெடுபிடி தேவையில்லை. அங்கே மருமகளோ பேரனோ எடுத்தால் இன்னும் நல்லது, அவர்களே கூட்டுச் சேர்ந்து ரகசியம் காப்பார்கள்.

மருத்துவமனை, துக்க வீடு, புதுமனை

மருத்துவமனைக்கு என்றால் நோயாளியைக் கூப்பிடாதீர்கள், கூட இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். கேட்க வேண்டியது நான்கு: இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா, அறை எண் மாறியதா, அந்த வார்டில் பூ அனுமதி உண்டா, வீட்டுக்குப் போகும் நாள் எது. ஐ.சி.யூ.வில் பூ விடமாட்டார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள் போல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பூவும் அந்தக் குடுவைத் தண்ணீரும் ஆகாது, கிருமி வளரும். பிரசவ அறைக்கு வாசனை தூக்கலான லில்லி வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் எல்லோருக்கும் சௌகரியம்.

லில்லி என்றதும் இன்னொன்று: வீட்டில் பூனை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லில்லியின் இலை, இதழ், மகரந்தம், குடுவைத் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். பூனை உண்டு என்றால் ரோஜாவோ ஜெர்பராவோ வைத்து மாற்றிக் கட்டலாம். கட்டும் முன் கேட்பதால் இதற்கு வழி இருக்கிறது.

மலர் வளையம் ஆர்டர் வந்தால் வீட்டின் நெருங்கிய உறவை, முக்கியமாகக் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூப்பிடக் கூடாது. அனுப்புகிறவரிடமிருந்து ஒரு தூரத்துச் சொந்தம், நண்பர், அலுவலக ஆள் இவர்களில் ஒருவருடைய எண்ணை வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" எடுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது வளையம் அங்கே இருக்க வேண்டும். தெருவில் பந்தலும் வண்டிகளுமாக இருக்கும், கடைசி நூறு மீட்டர் நடந்துதான் போக வேண்டிவரும். நேரம் முன்னால் தள்ளப்படுவதும் நடக்கும் என்பதால் கிளம்பும்போது அதே ஆளிடம் மறுபடி கேளுங்கள்.

இதற்கு நேர் எதிராக, பிறந்தநாள் பொக்கே துக்க வீட்டுக்குப் போய்ச் சேர்கிற விபத்தும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் முன்பே ஆர்டர் கொடுத்திருப்பார், இடையில் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். முந்தின மாலை போன் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்தவர் குரலிலேயே தெரியும். அப்போது பொக்கே பேச்சை நீட்டாமல், "மன்னிச்சுக்கங்க, அப்புறம் பேசறோம்" என்று வைத்துவிட்டு அனுப்பியவருக்குச் சொல்லுங்கள்.

புதுமனை புகுவிழா, நிச்சயதார்த்தம், கடைத் திறப்பு இவற்றுக்கு ராகு காலம் பார்க்கிற வீடுகள் நிறைய. நம்பிக்கை உங்களுக்கு உண்டா இல்லையா என்பது கேள்வியே அல்ல, கதவைத் திறக்கிறவருக்கு உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் 10:30-லிருந்து 12 வரை, ஞாயிறு மாலை 4:30-லிருந்து 6 வரை என்று காலண்டர் தாளிலேயே இருக்கிறது. "எந்த நேரம் கொண்டாந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

எடுக்கவே இல்லை என்றால்

தெரியாத எண்ணை எடுக்காதவர்கள் அதிகம், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஒருமுறை அடித்து விட்டுவிடாமல், உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: கடை பெயர், ஊர்ப் பகுதி, "உங்கள் பெயருக்குப் பொக்கே ஆர்டர் வந்துள்ளது, நாளை காலை 11 முதல் 1-க்குள் கொடுக்கலாமா? பணம் எதுவும் கட்ட வேண்டாம், ஓ.டி.பி. எதுவும் கேட்க மாட்டோம்." அந்தச் செய்தியில் இணைப்பு எதையும் வைக்காதீர்கள், இணைப்பைக் கண்டாலே பயப்படுவார்கள். பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது அழைப்பு, ஒரு மணி நேரம் கழித்து மூன்றாவது. அதற்கு மேல் அடித்தால் எண்ணை ஸ்பேம் என்று குறித்துவிடுவார்கள், அந்த முத்திரை விழுந்த எண்ணிலிருந்து அடுத்த வாடிக்கையாளருக்குப் பேசுவது இன்னும் கஷ்டம். கடைக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, அதையே பலகையிலும் கூகுள் மேப்பிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் போடுங்கள். பையன்களின் சொந்த எண்ணிலிருந்து முதல் போன் போகக் கூடாது.

மூன்றுக்கும் பதில் இல்லையா? அனுப்பியவரைக் கேளுங்கள், முடிவு அவருடையது. வயதான பெற்றோர், எப்போதும் வீட்டில்தான் இருப்பார்கள் என்றால் போகலாம். கடைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் என்றாலும் துணிந்து போகலாம். அண்ணா நகரிலிருந்து தாம்பரம் என்றால் வேறு எண் கிடைக்கும்வரை கட்டாதீர்கள். "பூட்டியிருந்தால் மறு டெலிவரிக்குத் தனிக் கட்டணம்" என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லி வைத்திருந்தால் பிறகு சண்டை இல்லை.

போய்விட்டோம், பூட்டியிருக்கிறது. பத்து நிமிடம் நிழலில் காத்திருங்கள். பிறகு அனுப்பியவருக்கு போன், அவர் சரி என்றால் பக்கத்து வீடு. காவலாளி அறையில் வைப்பது கடைசி வழி, அதையும் வாங்குகிறவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான். தகரக் கூரை போட்ட அறைக்குள் ஜன்னல் ஓரம் வைத்தால் மாலைக்குள் இதழ் காகிதமாகிவிடும், தரையில் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே பழக்கூடை இருந்தால் அதன் பக்கத்தில் வேண்டாம். பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனையும் ஆர்க்கிட்டையும் சீக்கிரம் வாட வைக்கும். கூடவே கேக் இருந்தால் காவலாளியிடம் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. கிரீம் உருகிவிடும். கேக் ஆர்டரில் ஆளை உறுதி செய்யாமல் வண்டி எடுக்காதீர்கள்.

முகவரி கேட்டுத் தரச் சொன்னால்

"அட்ரஸ் தெரியாது, நம்பர் இருக்கு. நீங்களே போன் பண்ணிக் கேட்டுக்கங்க." பழைய நண்பருக்கு ஆசையாக அனுப்புகிறவர் இப்படிச் சொல்லலாம். விலகிப்போன பெண்ணின் புது வீட்டைத் தேடுகிறவனும் இதையேதான் சொல்வான். போனில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். எனவே வழக்கம் ஒன்றுதான் இருக்க வேண்டும்: முகவரியைக் கடை கேட்டு வாங்கும், அனுப்பியவருக்குத் தராது. பில்லிலும் அச்சிடக் கூடாது. டெலிவரி ஆனதற்குப் படம் அனுப்பும்போது பூ மட்டும் தெரியட்டும், கதவு எண்ணும் தெருப் பலகையும் வாங்குகிறவர் முகமும் வேண்டாம். முகம் வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டு. இப்படிப்பட்ட ஆர்டரில் வாங்குகிறவரிடம் பேசும்போது அனுப்பியவர் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்ல விடவில்லை என்றால் ஆர்டரை எடுக்காதீர்கள். இங்கே ஆச்சரியத்தைவிட அந்தப் பெண்ணின் பாதுகாப்பு பெரிது.

அனுப்புகிறவர்கள் தர வேண்டியது

ஆர்டர் படிவத்தில் "வாங்குபவர் எண்" என்ற கட்டத்தில் தன் எண்ணையே போடுகிறவர்கள் ஏராளம். கடைக்காரர் கூப்பிட்டால் டல்லஸில் தூங்குகிற மகனின் போன் அடிக்கும். வாங்குகிறவரின் இந்திய எண்ணையும், அதே ஊரில் இருக்கிற இன்னொருவரின் எண்ணையும் தாருங்கள், தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் சரி. அழைக்கிற பெயரையும் கதவில் உள்ள பெயரையும் எழுதுங்கள், அம்மாவை எல்லோரும் "ராஜி" என்று கூப்பிட்டாலும் இன்டர்காம் பட்டியலில் அப்பா பெயர்தான் இருக்கும். காது கேட்பதில் சிரமம் உண்டு, மதியம் தூங்குவார், மலையாளத்தில் பேசினால் சுலபம் என்பது போன்ற சின்னக் குறிப்புகள் கடைக்குப் பெரிய உதவி.

வாங்குகிறவருக்கு போனே போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் வீட்டுக்குள் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். அவர் எண்ணைக் கொடுத்து, கடையிலிருந்து அழைப்பு வரும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு 12 மணி டெலிவரிக்கு இது கட்டாயம். கூட்டாளி இல்லாமல் நடுராத்திரியில் அழைப்பு மணி அடித்தால் வயதானவர்கள் வீட்டில் படபடப்புத்தான் மிஞ்சும், அந்த நேரத்தில் காவலாளி விடவும் மாட்டார்.

போன் உங்களுக்கு வந்தால்

உண்மையான பூக்கடைக்கு உங்களிடமிருந்து வேண்டியது டெலிவரிக்கான விவரம் மட்டும்தான்: எந்த நேரம் இருப்பீர்கள், வீட்டு எண் என்ன என்பது போல. அதற்கு மேல் எதைக் கேட்டாலும் நிதானியுங்கள். டெலிவரிக் கட்டணம் பாக்கி, ஐந்து ரூபாய் கட்டுங்கள், இந்த இணைப்பைத் தொடுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றால் வைத்துவிடுங்கள். குடியிருப்பு கேட்டில் காட்டுகிற எண் வேறு. அது நீங்கள் உங்கள் செயலியில் உருவாக்கிக் கொடுப்பது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வருவது அல்ல. டெலிவரி பையனோடு பேச *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். உங்களுக்கு வருகிற அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு அது, வங்கி கூப்பிட்டாலும் மோசடிக்காரனுக்குப் போகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

சந்தேகம் இருந்தால் கடை பெயரைக் கேட்டு வைத்துவிட்டு, அந்தப் பெயரைக் கூகுள் மேப்பில் தேடி அங்குள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். "ஆமா மேடம், நாங்கதான்" என்று பதில் வந்தால் நேரத்தைச் சொல்லுங்கள், வாயகன்ற ஒரு குடுவையில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். பொக்கே வந்ததும் காகிதத்தைப் பிரித்து, காம்பு நுனியை ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகிற இலைகளைக் கிள்ளிவிட்டு வைத்தால் ரோஜா மூன்று நான்கு நாள் நிற்கும். ஜெர்பராவுக்குத் தண்ணீர் நான்கு விரல் உயரம் போதும். அதற்கு மேல் ஊற்றினால் காம்பு அழுகும்.